கழுவச் சொன்னது நான்தான்

கால்நடை மருத்துவராக நான் பார்த்ததெல்லாம் மாடும் ஆடும்தான். குதிரையைப் பற்றிக் கல்லூரியில் படித்ததோடு சரி. ஆம்பூர் பக்கம் மாற்றலாகி வந்த வருடம், அடைமழை நாளில், அன்வர் பாய் தன் வெள்ளைக் குதிரை சாந்தினியை மருந்தக வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். குதிரை அமைதியாகத்தான் நின்றது. மிரண்டது நான்.

பாய் தோல் பதனிடும் டேனரியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். முட்டி தேய்ந்து வேலையை விட்டபின், கல்யாண ஊர்வலங்களுக்குச் சாந்தினியை ஓட்டிப் பிழைத்தார். சாந்தினியின் பின்னங்கால்கள் இரண்டிலும், குளம்புக்கு மேலே, முடி உதிர்ந்து பொருக்குத் தட்டி நீர் கசிந்தது. சேற்றில் நிற்கும் குதிரைகளுக்கு வரும் தோல் நோய். கவனிக்காமல் விட்டால் சீழ் உள்ளே இறங்கிக் காலே வீங்கிவிடும்.

"இன்னா தடவினீங்க, பாய்?"

"ஷூவுக்குப் போடுற தோலுக்கு அடிக்கிற எண்ணெதான். தோலைப் பத்தி எனக்குத் தெரியாதா டாக்டரம்மா?"

"அது செத்த தோலு பாய். இது உயிரோட இருக்குது."

அவர் குனிந்து சாந்தினியின் காலைப் பார்த்தார். "அதான் எண்ணெ வச்சதும் உதைச்சுதா?"

முடியைக் கத்தரித்து, பொருக்கை ஊறவைத்து எடுத்தேன். சீட்டில், 'நன்றாகக் கழுவி மருந்து போடவும்' என்று எழுதிக் கொடுத்தேன். குதிரைக்கு வைத்தியம் பார்த்துவிட்ட பெருமையில் அன்று இரண்டு டீ குடித்தேன்.

பத்தாம் நாள் பாய் போன் செய்தார். "கால் யானைக்கால் மாதிரி ஆய்டுச்சு டாக்டரம்மா. அடுத்த மாசம் கல்யாணம் ஒத்துக்கினு இருக்கேன்."

வீட்டுக்கே போனேன். கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. தொட்டதும் சாந்தினி உடல் நடுங்கக் காலை இழுத்துக்கொண்டது. ஊசி போட்டுவிட்டு, மருந்து போட்டாரா என்று கேட்டேன். வேளை தவறவில்லை என்றார். அதற்குள் பாங்கு சத்தம் கேட்டது. பாய் குழாயடியில் உட்கார்ந்து தொழுகைக்கு ஒளு செய்தார். தன் கால்களைக் கழுவி முடித்ததும், அதே குழாயைச் சாந்தினியின் கால் பக்கம் திருப்பினார்.

"பாய், இன்னா பண்றீங்க?"

"நீங்க சொன்னதுதான். என் ஒளுவோட சேத்துக் கழுவிட்டா மறக்காதுல்ல? அஞ்சு வேளை."

"அஞ்சு வேளையா!"

சட்டைப் பையிலிருந்து என் சீட்டை எடுத்து நீட்டினார். எத்தனை வேளை என்று எழுதவில்லை. கழுவியதும் துடைக்க வேண்டும் என்றும் எழுதவில்லை. ஈரத்தில் வளரும் நோய்க்கு நானே தண்ணீர் ஊற்ற வைத்திருக்கிறேன்.

"தப்பு என்னோடது பாய். இனிமே ஈரமே ஆகக்கூடாது."

அவர் மனைவி ஷகிலா உள்ளே போய், மகள் துபாயிலிருந்து அனுப்பிய ஹேர் டிரையரோடு வந்தார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் சுவிட்சைப் போட்டுவிட்டார். சத்தம் கேட்டதும் சாந்தினி கயிற்றை அறுத்துக்கொண்டு, கொடியில் காய்ந்த நான்கு குடியாத்தம் லுங்கிகளையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் ஓடியது. கால் வலியில் நொண்டிக்கொண்டே ஓட்டம். பின்னால் பாய், அவர் பின்னால் நான், எனக்குப் பின்னால் டிரையரோடு ஷகிலா. தெருமுனையில் கீரை வண்டியைக் கண்டதும் சாந்தினி தானாக நின்றது. முளைக்கீரை நான்கு கட்டு தீர்ந்தபின்தான் திரும்பி வந்தது.

அதன்பிறகு பழைய லுங்கிகளைக் கிழித்து, காலை ஒற்றி ஒற்றித் துடைத்தார்கள். கொட்டகையில் சிமெண்டுத் தரைமேல் உலர்ந்த வைக்கோல் பரப்பினார்கள். தினமும் ஊசி போட நானே போனேன். ஐந்தாம் நாள் வீக்கம் வடியத் தொடங்கியது. கல்யாணத்தன்று சாந்தினி நொண்டாமல் நடந்தது. பின்னங்காலில் மட்டும் முடி இல்லை. பெண் வீட்டுக்காரர் ஒருவர் குனிந்து பார்த்து, "இன்னா பாய், கால் மொட்டையா கீது?" என்றார்.

"புது ஸ்டைல்ங்க" என்றார் பாய்.

இளைய மருத்துவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மருந்து கொடுத்ததும் அனுப்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் என்ன செய்யப்போகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த வாரமே ஏலகிரியிலிருந்து வந்த ஒருவரிடம், ஆட்டின் சொறிக்குத் தடவும் மருந்தைக் கொடுத்துவிட்டு அப்படிக் கேட்டேன்.

"பாதி காலைல குடிக்கக் குடுப்பேன்மா. பாதி சாயங்காலம்" என்றார்.

பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவரை உட்காரச் சொன்னேன்.