மூன்றாவது வளைவில் இரண்டடி

ஐம்பது வயதாகியும் கிளென்னா டாக்கெட்டுக்குச் சொந்தமாக ஒரு சுவர் இருந்ததில்லை. பத்தொன்பதில் ரோஸ்கோவைக் கட்டிக்கொண்டு மலையை விட்டு இறங்கியவள். அவன் எண்ணெய்க் குழாய்களை வெல்டிங் செய்து இணைக்கிறவன். குழாய் போகிற இடத்தில் வேலை, வேலை இருக்கிற இடத்தில் இழுத்துப் போய் நிறுத்துகிற கேரவன் வீடு என்று முப்பத்தொரு வருஷம், பதினான்கு மாநிலம். வண்டி கிளம்புமுன் தட்டுகளுக்கு நடுவே துண்டு மடித்து வைத்து, ஃப்ரிட்ஜ் கதவைக் கயிற்றால் கட்டுவதை அவள் கை தானாகச் செய்யும். தக்காளிச் செடி நடுவாள்; பழம் பறித்தது யாரென்று தெரியாது.

ரோஸ்கோ வேலையை விட்டதும், வடக்கு கரோலினாவில் அவள் பிறந்த மலையிலேயே வீடு வாங்குவது என்று முடிவாயிற்று. அவன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

“வண்டி ஏறுற வீடாப் பாரு. வண்டி வராத எடத்துல எனக்கென்ன வேலை?”

வண்டியோ முப்பத்தெட்டு அடி. அதை இழுக்கிற பிக்கப் தனி. அந்த மலையில் அதற்கு இடம் தேடுவது யானைக்குத் தொட்டில் தேடுகிற கதைதான். பத்து வீடுகள் பார்த்தார்கள். பத்திலும் கிளென்னா அடுப்படியைப் பார்த்து மயங்குவாள். ரோஸ்கோ பாதையில் டேப்பை விரித்து உதட்டைப் பிதுக்குவான்.

பதினோராவது வீடு மேப்பிள் மரங்களுக்கு நடுவே சரிவில் இருந்தது. தகரக் கூரை, ஊற்றுத் தண்ணீர், குளியல் தொட்டி. முப்பது படி கீழே, பாதையோரமாக, ஜல்லி கொட்டிச் சமன்படுத்திய இடம். மின்சாரக் கம்பம், கழிவுக் குழாய் இணைப்பு எல்லாம் தயார். இது போனால் ரோஸ்கோ இன்னொன்று பார்க்க வரமாட்டான் என்று கிளென்னாவுக்குத் தெரியும்.

ரோஸ்கோ பாதையை இரண்டு தடவை நடந்து அளந்துவிட்டு வந்தான்.

“மூணாவது வளைவுல ரெண்டடி பத்தலை. முன்வண்டி திரும்பிரும். பின்சக்கரம் உள்பக்கமா வெட்டி, பக்கத்து நெலத்து அம்மாவோட வேலியைத் தின்னுரும்.”

“ரெண்டடிதானே?”

“ரெண்டடி இல்லாம எத்தனை பேர் பள்ளத்துல கெடக்கான் தெரியுமா? விடு கிளென். நம்ம வண்டியே வீடுதானே.”

அவள் விடவில்லை. மறுநாள் காலையிலேயே வேலிக்காரியைப் பார்க்கப் போனாள். எழுபத்தாறு வயது மிஸ் ஓர்ஃபா ரிக்ஸ் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“யார் வீட்டுப் பொண்ணு நீ?”

“கிரேடி மெட்காஃப் மக.”

“கோவேறு கழுதை வித்தாரே, அந்த மெட்காஃபா? இல்ல பொய்யா அளந்து விடுவாரே, அந்த மெட்காஃபா?”

“ரெண்டு பேரும் ஒரே ஆளுதாங்க.”

கிழவியின் வாயோரம் லேசாக அசைந்தது. ஆனால் வேலி என்றதும் இறுகிக்கொண்டது. தாத்தா போட்ட வேலி. போன தடவை பட்டணத்துக்காரன் ஒருவனுக்கு ஓரடி விட்டுக்கொடுத்ததற்கு, கேட் போட்டு, கேட்டில் கேமரா வைத்து, அவளையே யாரென்று கேட்டானாம். முடியாது என்றால் முடியாது.

வேலிக்கு மேலே குன்றில் ரிக்ஸ் குடும்பத்துக் கல்லறைகள் வெயிலில் தெரிந்தன. என்ன பேசுவதென்று தெரியாமல் கிளென்னா கேட்டாள்:

“கல்லறைக்கெல்லாம் பூ வைக்கிற ஞாயித்துக்கிழமை உங்களுக்கு எப்போ?”

“மே மாசம் மூணாவது ஞாயிறு.”

“எத்தனை பேர் வருவாங்க?”

“அறுபது உருப்படி. ஒஹையோலேருந்தெல்லாம் வருதுங்க. புல்லு வெட்டி, பூ வச்சு, பிரசங்கம், பாட்டு, சாப்பாடு. எல்லாம் நல்லாத்தான் நடக்கும்.” மிஸ் ஓர்ஃபா மண்வெட்டியில் சாய்ந்துகொண்டாள். “ஆனா ஒண்ணுக்குப் போக எடமில்ல. அறுபதுல நாப்பது கெழடுங்க. மேல நீ பாத்த அந்த வீட்டுல போகலாம்னா முப்பது படி. ஏறுறதுக்குள்ள காரியம் முடிஞ்சிரும். போன வருஷம் என் பங்காளி பெர்ல் புதருக்குப் பின்னால ஒதுங்கினான். போதகர் சரியா அந்தப் பக்கம் கை நீட்டி, ‘அதோ பாருங்கள், அவருடைய மகிமையை’ன்னுட்டாரு. அறுபது தலையும் திரும்பிச்சு.”

கிளென்னா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“மிஸ் ஓர்ஃபா, எங்க வண்டியில கக்கூஸ் இருக்கு.”

“வண்டியிலயா?”

“கழுவித் தள்ளுற கக்கூஸ். பிடிச்சுக்கக் கைப்பிடி உண்டு. ரெண்டே படிதான். உங்க கல்லறை வாசலுக்கு நேர் கீழதான் வண்டி நிக்கும். குழாய் வீட்டுக் கழிவுத் தொட்டியோட சேந்துரும். அறுபது என்ன, சபையே வரலாம்.”

மிஸ் ஓர்ஃபா குன்றைப் பார்த்தாள். ஜல்லி இடத்தைப் பார்த்தாள். மனசுக்குள் பெர்லை நடக்கவைத்து அளந்தாள் போலிருக்கிறது.

“ரெண்டடி போதுமா, மூணா?”

“ரெண்டே போதுங்க.”

“மூணாவே எடுத்துக்க. ஆனா பத்திரத்துல எழுதணும். வருஷா வருஷம் அந்த ஞாயிறு வண்டி இங்க நிக்கணும். ஊர் சுத்தப் போயிட்டேன்னு ஒங்க வீட்டுக்காரர் கதை சொன்னா, வேலி பழைய எடத்துக்கே வந்துரும்.”

கிளென்னா ஒப்புக்கொண்ட வேகத்தைப் பார்த்து மிஸ் ஓர்ஃபாவே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ரோஸ்கோ தலையில் கைவைத்தான். “மே மாசமா? மே மாசம் நான் மொன்டானாவுல மீன் பிடிக்கணுமே. எத்தனை வருஷக் கனவு தெரியுமா?”

“போய்க் கேளு. வேற மாசம் குடுத்தாலும் குடுப்பாங்க.”

அவன் நிஜமாகவே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனான். ஜூனுக்குத் தள்ள முடியுமா என்று கேட்டான்.

“எனக்கு ஒண்ணுமில்ல தம்பி,” என்றாள் மிஸ் ஓர்ஃபா. “மேல படுத்திருக்கவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரு.”

ரோஸ்கோ குன்றின்மேல் இருந்த கல்லறைகளை அண்ணாந்து பார்த்தான். திரும்பி வந்து, பிக்கப்பிலிருந்து கடப்பாரையை எடுத்தான்.

“வேலியில எந்தக் கம்பத்தை மொதல்ல பிடுங்கணும்?” என்றான்.