பர்கூர் கல்லில் ஒரு மணிலா பெட்டி

இரண்டு பேருக்கு நடுவில் நின்று மொழிபெயர்க்கிற வேலையில் ஒரு விசேஷம் உண்டு: திட்டு இரண்டு பக்கமிருந்தும் வரும், காபி ஒரு பக்கமிருந்தும் வராது. புருஷனுக்கும் பிளம்பருக்கும் நடுவில், மகனுக்கும் அவன் அப்பாவுக்கும் நடுவில் நின்று பேசியே தொண்டை வறண்ட சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா? நான் வீட்டோடு நிறுத்தியிருக்கலாம். விதி, ஓசூரில் எங்கள் மாடி போர்ஷனுக்கு மரிசெல் குடிவந்தாள். மணிலாவில் பிறந்து, பன்னிரண்டு வயதில் கனடாவுக்குப் போய், அங்கே சிற்பியாகி, நம்ம பர்கூர் கிரானைட்டைத் தேடி வந்தவள். கல் அறுக்கிற ஷெட்டில் இருந்தவர்களுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தெரியும். அவள் பேசுகிற வேகத்து இங்கிலீஷ் மட்டும் தெரியாது. கன்னியாஸ்திரீகளிடம் பிரம்படி வாங்கி இங்கிலீஷ் படித்த நான் பிறகு எதற்கு இருக்கிறேன்?

என்ன சைசு?

முதல் நாள் பர்கூர் ஷெட்டுக்குப் போனோம். மேஸ்திரி முனிராஜ் முன்னால் மரிசெல் ஒரு பழைய அட்டைப் பெட்டியை வைத்தாள். அவள் சின்னப் பெண்ணாக மணிலாவில் இருந்தபோது, அவள் அம்மா கனடாவில் யார் வீட்டிலோ வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாளாம். வருஷா வருஷம் அங்கிருந்து பெட்டி வருமாம். சோப்பு, சாக்லேட், டின் கறி, ஷூ, துண்டு எல்லாம் அதில். பிலிப்பைன்ஸில் வெளிநாட்டுக்கு ஆள் போன வீடுகளில் இப்படிப் பெட்டி வருவது வழக்கமாம். அந்தப் பெட்டியை அப்படியே கல்லில் செய்ய வேண்டும், மூடி திறந்திருக்க வேண்டும், உள்ளே காலியாக இருக்க வேண்டும் என்றாள். மொழிபெயர்த்தேன்.

"காலியா எதுக்கும்மா?" என்றார் முனிராஜ். அதையும் மொழிபெயர்த்தேன். மரிசெல் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டி, "அதில் எல்லாம் வந்தது, அம்மா மட்டும் வரவில்லை. அந்த இடம்தான் அது" என்றாள். அதை அப்படியே தமிழில் சொன்னேன். முனிராஜ் கல்லைப் பார்த்தார், டேப்பை எடுத்தார், தலையைச் சொறிந்தார். "அப்போ இது பத்தாதேம்மா. அவங்கம்மா என்ன சைசு?"

ஆத்தே

வந்த வாரமே மரிசெல் மாடிப்படியில் நின்று என்னை "ஆத்தே!" என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஏதோ அவள் ஊர்ப் பழக்கம் என்று விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு சரோஜாம்மா காதில் அது "அத்தே" என்று விழுந்தது. எனக்குக் கல்யாணம் ஆகாத மகன் ஒருத்தன் இருக்கிறான், ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. போதாதா? ஞாயிற்றுக்கிழமை நானும் மகனும் மரிசெல்லும் சர்ச்சுக்குக் கிளம்பினால் தெருவே வாசலில் நிற்கிறது. பையனுக்கு இருபத்தாறு, அவளுக்கு நாற்பத்தொன்று என்று யார் யாருக்குப் போய்ச் சொல்வது? என் வீட்டுக்காரரிடமே ஒருவர் கைகுலுக்கி, "சம்பந்தி வீடு ஃபாரினாமே" என்று கேட்டுவிட்டார்.

விசாரித்ததில், அவர்கள் பாஷையில் ஆத்தே என்றால் அக்காவாம். நேரே சரோஜாம்மா வீட்டுக்குப் போய், "மருமகளும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, அவள் என்னை அக்கா என்கிறாள்" என்று விளக்கினேன். அந்த அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "அக்காவா? அப்ப உங்க வீட்டுக்காரருக்குக் கொழுந்தியா முறை ஆவுது! இது அதைவிட மோசமாச்சே, பிலோமினா!"

மாங்கா

பெட்டிக்கு ஒட்டுகிற டேப் வேண்டும், அதைத் தகரத்தில் செய்யலாம், மாம்பழக் கூழ் அடைக்கிற டின் கிடைக்குமா என்று மரிசெல் கேட்டாள். கிருஷ்ணகிரியில் அதற்கா பஞ்சம்? சீசன் நேரம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் "மாங்கா! மாங்கா!" என்று கத்தினார். மரிசெல் அப்படியே நின்றுவிட்டாள். அவர்கள் ஊரிலும் அதற்கு மங்கா என்றுதான் பேராம். கனடாவில் அம்மாவுக்கும் அவளுக்கும் இடையில் தங்கள் பாஷையில் மிஞ்சிய சொற்களே கொஞ்சம்தான். அதில் ஒன்று இங்கே ரோட்டில் கிடக்கிறதே என்று கண் கலங்கிச் சிரிக்கிறாள். வண்டிக்காரரிடம் மூன்று தடவை சொல்லச் சொல்லி போனில் பதிவும் செய்துகொண்டாள்.

நான் அவருக்கு விஷயத்தை விளக்கினேன். கடல் தாண்டி, இத்தனை தூரத்தில், அதே சொல், ஆச்சரியமாக இல்லையா என்றேன். அவர் ஒரு பழத்தைத் துடைத்து அவள் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மாங்காவை மாங்கான்னு சொல்லாம, பின்னே தேங்கான்னா சொல்லுவாங்க?"

காலி

குடைந்து முடித்த பெட்டி கடைசி வேலைக்காக முனிராஜோடு எங்கள் கார் ஷெட்டுக்கு வந்தது. அட்டையின் மடிப்பு, ஓரம் நசுங்கின இடம், தகர டேப், எல்லாம் அச்சு அசல். ஆனால் நம்ம ஜனங்களுக்குத் திறந்த பெட்டி ஒன்று காலியாகக் கிடந்தால் கை சும்மா இருக்குமா? காலையில் பால் பாக்கெட், பத்து மணிக்குப் பேப்பர், மத்தியானம் முனிராஜின் டிபன் கேரியர். சரோஜாம்மா முருங்கைக்காயைக் கட்டாகப் போட்டுவிட்டு, "அதுல வெச்சிருக்கேன்" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சொல்கிறாள். நானும் வெங்காயம் வைத்தேன், இல்லையென்று சொல்லவில்லை.

அன்று மரிசெல் வெடித்தாள். பெங்களூரில் கண்காட்சி, அதற்காக அவள் அம்மா கனடாவிலிருந்து வருகிறாள். மகள் செய்த எதையும் அந்த அம்மாள் இதுவரை வந்து பார்த்ததே இல்லையாம். நாற்பது வயதில் மண்ணில் விளையாடுகிறாள் என்பாளாம். இந்த ஒன்றையாவது அம்மா ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டும், அதுவும் காலியாகப் பார்க்க வேண்டும் என்றாள். நான் சும்மா இருப்பேனா? "நான் குழம்பு கொடுத்தனுப்பின கிண்ணத்தையும் நீ காலியாகத்தான் திருப்பித் தந்தாய். இங்கே அது வழக்கமில்லை. ஒரு கை சர்க்கரையாவது போட்டுத் தரணும். வெறும் பாத்திரம் ஒரு வீட்டிலிருந்து போகக் கூடாது" என்றேன். அவள் வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் போட்டாள். "ஆத்தே, இது பாத்திரம் இல்லை. என் சின்ன வயசு."

சைசு சரி

லாரி வருகிற அன்று காலையில் அம்மாவே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். குள்ளமான உருவம், வெள்ளை ஷூ, தோளில் தன் பாதி உயரத்துக்கு ஒரு பை. பெட்டியைச் சுற்றி வந்தாள், தட்டினாள், எட்டிப் பார்த்தாள். அம்மாவுக்கும் மகளுக்கும் இங்கிலீஷ் பொதுதான். இருந்தும் அம்மா என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "இவளிடம் சொல்லுங்கள்," என்றாள் அம்மா. "நான் ஒரு தடவைகூடக் காலி இடம் விட்டு அனுப்பியதில்லை. அனுப்புகிற கூலி எடைக்கு இல்லை, பெட்டிக்குத்தான். அதனால் மூலையெல்லாம் சாக்ஸ் திணிப்பேன். மூடுவதற்கு மேலே ஏறி உட்காருவேன். உட்கார்ந்தால் இறங்க மனசு வராது. பெட்டியோடு நானும் போய்விடலாமா என்றிருக்கும்."

நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. அம்மா பையைத் திறந்து ஒரு சோப்பும் ஒரு ஜோடி சாக்ஸும் எடுத்துக் கல் மூலையில் திணித்தாள். நான் மரிசெல்லின் முகத்தைப் பார்த்தேன். வெங்காயத்துக்கே அந்தக் கத்து கத்தினவள். அவள் விடுவிடுவென்று என் சமையலறைக்குப் போய் ஒரு கை சர்க்கரை அள்ளி வந்து, காகிதத்தில் மடித்து, சாக்ஸ் பக்கத்தில் வைத்தாள். அம்மா அந்தக் கல் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, கால் தரையில் எட்டாமல் ஆட்டிக்கொண்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து லாரியோடு வந்து இறங்கினார் முனிராஜ். "நான் அன்னிக்கே கேட்டேனா இல்லையாம்மா, அவங்கம்மா என்ன சைசுன்னு? இப்ப பாருங்க, கரெக்டா இருக்கு!"

அன்றைக்கு அம்மா ஒரு டம்ளர், மகள் ஒரு டம்ளர் என்று இரண்டு பக்கமிருந்தும் எனக்குக் காபி வந்தது, சர்க்கரை மட்டும் பெட்டியோடு பெங்களூருக்குப் போய்விட்டது.