மாரியில் கட்டிய வேப்பிலை

டல்சி டொக்டர் நாடி பிடிப்பதற்கு முன்பு ஜன்னலைத் திறந்து வாவியைப் பார்ப்பார். மட்டக்களப்பு டவுனில் பறங்கியர் வீட்டுப் பெண்பிள்ளை. எங்கள் கரைக்கு வந்து டிஸ்பென்சரி போட்டவர். காய்ச்சலோடு முன்னால் குந்தியிருக்கும் எங்களுக்கு எரிச்சல் வரும். அவருக்கோ காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று தெரிந்தால் பாதி நோய் தெரிந்த மாதிரி.

வாடைக்காற்றோடு இருமலும் இழுப்பும் வரும். மழை விட்டு வயல் வட்டைகளில் தண்ணீர் தேங்கினால் நடுக்கல் காய்ச்சல். கச்சான் காற்று வெக்கையைக் கொண்டுவந்தால் கண்நோய், பிறகு கோயில் சடங்குகளோடு அம்மாள். அம்மை என்று நாங்கள் வாய் தவறியும் சொல்லமாட்டோம். வாசலில் வேப்பிலை கட்டுவோம். அந்நியர் உள்ளே வரமாட்டார்கள். மாதா படம் மாட்டிய டொக்டரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார். "இளநி குடுங்க, அம்மாள் தானா இறங்குவா" என்பார்.

அவருடைய அறைச் சுவரில் வாவியின் வெளிச்சம் அசைந்துகொண்டே இருக்கும். பார்த்திருந்தால் கண் சொக்கும். நோய்கூட விருந்தாளி மாதிரி, காலத்துக்கு வந்து காலத்துக்குப் போய்விடும் என்று தோன்றும்.

சண்டை அதைக் கெடுத்தது. ஆமியின் சுற்றிவளைப்புக்கு மறுநாள் வருகிற நெஞ்சுப் படபடப்புக்குக் காற்றும் கிடையாது, மாதமும் கிடையாது. "இதுக்குக் காலமில்ல மகள்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தொண்ணூறாம் ஆண்டு மாரியில், விடியற்புற மழையோடு ஆமி ஊருக்குள் இறங்கியது. என் எதிர்வீட்டுச் சின்னத்தங்கத்துக்கு ஒரே மகன், கோணாமலை. கல்யாண வயது. பிடித்துக்கொண்டுபோன பொடியன்மார் திரும்பி வராத காலம் அது. அவள் வேப்பங்கொப்பை முறித்து வாசலில் கட்டிவிட்டாள். பாவி, கொட்டுகிற மழையில் அம்மாளா வருவாள்?

வேப்பிலையைக் கண்டதும் அதிகாரி நின்றுவிட்டார். அவரும் ஏதோ ஒரு ஊர்த் தாயின் பிள்ளைதானே. உள்ளே போகப் பயம், விட்டுப்போகவும் மனமில்லை. டொக்டரைக் கூட்டிவரச் சொன்னார். நான் வேலி இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து, "அம்மாள்தான்" என்றார்.

"மழைக்கா? எங்கட ஊர்ல வெயில் காலம்தானே வாறது?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார் அதிகாரி.

டொக்டர் வாவிப் பக்கம் பார்த்தார். அங்கே மழையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "சண்டை வந்த பிறகு காலமெல்லாம் மாறிட்டு" என்றார்.

அதிகாரி அவர் முகத்தையே கனநேரம் பார்த்தார். பிறகு ஆட்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த வளவுக்குப் போனார்.

மாரி போய்க் கச்சான் வந்தது. கோணாமலைக்கு மெய்யாகவே மேலெல்லாம் முத்துப் போட்டுவிட்டது. நான் இளநீரோடு போனபோது டொக்டரின் காலடியில் இருந்து சின்னத்தங்கம் குழறி அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மாள்ட பேரால பொய் சொன்ன நான், மிஸி. அவ கோவிச்சித்தான் வந்திருக்கா."

டொக்டர் கோணாமலையின் போர்வையை விலக்கினார். முத்து இல்லாத இடம் முகத்தில் இல்லை. வாசலில் வேப்பிலை வெக்கைக் காற்றில் சரசரத்தது. எந்த நோயாளிக்கு முன்னாலும் அழாத டல்சி டொக்டர் அன்றைக்கு அழுதார், சிரித்தும் கொண்டார்.

"கோவமில்ல சின்னத்தங்கம். அவ வரவேண்டிய காலத்துக்குத்தான் வந்திருக்கா. அவ வந்து பாக்கக்குள்ள, உன்ட புள்ள வீட்டில இருக்கான்."