மானுக்கு மட்டும் தெரியக் கூடாத முகம்

இன்று சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் ஒரு கடைக்கு ஹெல்மெட் வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் தோளில் வில்லோடு ஒரு நாவலூர் ஐடிக்காரர்.

“மான் வேட்டைக்குப் போறேன். முகத்துக்குப் பெயின்ட் பூசலாமா, மாஸ்க் போடலாமா?” கூச்சமே இல்லாமல் கேட்கிறார்!

கடைக்காரர் அவருக்கு மேல். “பெயின்ட்டு வேர்வைல வழிஞ்சிடும் சார். இந்தப் பச்ச மாஸ்க்க போட்டுகினு போங்க, மானுக்கு இன்னா தெரியப் போவுது?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மானை அடிச்சா ஜெயிலு, தெரியுமா?” என்றேன்.

“காட்டுல யாரு மேடம் பாக்கப் போறாங்க?” என்று ஐடிக்காரர் சிரித்தார். பிறகு மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வில்லோடு செல்ஃபி எடுத்து, ‘நாளை மான் வேட்டை’ என்று, போகப்போகும் ஊர்ப் பெயரோடு இன்ஸ்டாவில் போட்டார்.

வனத்துறையில் யாரையாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள், படத்தை அனுப்புகிறேன். முகம் நன்றாகவே தெரிகிறது.