குயில் போட்டிக்குப் போன போர்வை

முழுத் துணியை வாங்கி, அதைத் துண்டு துண்டாக நறுக்கி, நறுக்கியதை மறுபடி ஒட்டுப்போட்டு முழுத் துணியாக்குவதுதான் என் தொழில். இதைச் சொன்னதும் கேட்பவர்கள் முதலில் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அப்புறம் பக்கத்தில் நிற்கும் என் வீட்டுக்காரரைப் பாவமாகப் பார்ப்பார்கள்.

ஆங்கிலத்தில் இதற்குக் குயில்ட் என்று பெயர். ஜொகூர் மாநிலத்துத் தெப்ராவில், தாமான் என்று சொல்லும் எங்கள் குடியிருப்பில் 'ஒட்டுத்துணிப் போர்வை ஈஸ்வரி' என்றால் வீட்டைக் காட்டுவார்கள். பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, வெள்ளையும் நீலமுமாகத் தைத்துத் தைத்துக் கண் பூத்துப்போனவள் நான். முதலாளி கடையை மூடிய அன்றைக்கே, இனிமேல் கலர் கலராகத்தான் தைப்பது என்று முடிவு பண்ணினேன். வீட்டில் ஒரு வேலையை ஆரம்பித்துவிட்டு அதைப் பரப்பி வைக்க இடமில்லாமல் திண்டாடியவர்கள் யாராக இருந்தாலும் வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

ஹால் யாருக்கு?

குயில்ட் தைக்கிறவளுக்கு ஊசி, நூலைவிட முக்கியமானது தரை. கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு, மேலே ஒட்டுத்துணி என்று மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து ஊக்குக் குத்த வேண்டும். கட்டில் அளவுப் போர்வையை விரிக்க எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே இடம் ஹால். அந்த ஹாலோ என் வீட்டுக்காரர் தனபாலின் பறவைகளுக்குச் சொந்தம். தொழிற்சாலைப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது முழுநேரமும் மெர்போக்தான். புறா ஜாதியில் சின்னது அது, கழுத்தில் கோடு கோடாக இருக்கும். திடலில் உயரமான கம்பங்களில் கூண்டை ஏற்றி, எந்தப் பறவை நன்றாகக் கூவுகிறது என்று எங்கள் ஊரில் போட்டி வைப்பார்கள். அதில் அவர் வாங்கிய கப்புகள் ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய இருக்கின்றன. கூண்டுகள் அதற்கு மேலே வரிசையாகத் தொங்குகின்றன.

கீழே நான் போர்வையை விரித்தால் மேலேயிருந்து தினை உமி விழும். உமியோடு நின்றாலாவது பரவாயில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள், "ஏங்க, கூண்டையெல்லாம் வாசல் போர்ச்சுக்கு மாத்திட்டு ஹாலை எனக்குக் கொடுத்திடுங்க" என்று கேட்டே விட்டேன். அவர் கோபப்படவில்லை. அலமாரியைக் காட்டினார்.

"இங்க தொங்குற ஒவ்வொண்ணும் கப்பு வாங்கிக் குடுத்துட்டுத்தான் தொங்குது. நீயும் ஒரு கப்பு கொண்டா, ஹாலை எடுத்துக்கோ."

காணாமல் போன 'ட்'

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கைவினைக்காரர்கள் சிலர் சேர்ந்து ஜொகூர் பாருவில் வருஷா வருஷம் குயில்ட் போட்டி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு உடனே பெயர் கொடுத்தேன். கொடுத்த கையோடு அவருக்குப் போன் அடித்தேன். அவர் பறவைத் திடலில் இருந்தார். அங்கே ஒரே சத்தம். போதாக்குறைக்கு என் வாயில் அந்தக் கடைசி 'ட்' எப்போதும் சரியாக உட்காராது. "குயில்ட் போட்டிக்குப் பேர் குடுத்திருக்கேங்க" என்று நான் சொன்னது அவர் காதில் குயில் போட்டி என்று விழுந்திருக்கிறது. மனிதர் பதறிப்போய்விட்டார். கப்புக் கேட்டது பெண்டாட்டியைப் பறவை பிடிக்க அனுப்பிவிட்டதே என்று நினைத்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், அவருடைய பறவைக் கூட்டாளிகள் வாசலில் நிற்கிறார்கள். பொந்தியானிலிருந்து மணியம் அண்ணன், எனக்குக் கடனாகக் கொடுக்க ஒரு காலிக் கூண்டையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். நான் தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து, தைத்துக்கொண்டிருந்த துணியைக் காட்டி விளக்கம் சொன்னேன். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். மணியம் அண்ணன் மட்டும் நம்பவில்லை. வெட்கப்பட்டு மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் ஆற்றிக் கொடுத்த தே தாரெக் டீயைக் குடித்துவிட்டுப் போகிற போக்கில், தணிந்த குரலில் சொன்னார்:

"தங்கச்சி, குயிலைக் கூண்டுல போட்டா கூவாது லா. பேசாம மெர்போக்குக்கு மாறிடுங்க, நாங்க இருக்கோம்."

பாய் கடை அலமாரி

முதல் போட்டிக்கு என்ன தைப்பது என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தபோது கை கொடுத்தது காதர் பாயின் ஜவுளிக்கடை. பாய்க்கு என்னைக் கண்டாலே பயம். மற்றவர்கள் ஒரே துணியில் நாலு மீட்டர் எடுப்பார்கள். நான் பத்துத் துணியில் கால் கால் மீட்டர் கேட்பேன். அவர் முனகிக்கொண்டே வெட்டுகிற நேரத்தில் நான் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மடித்து அடுக்கிய சட்டைத் துணிகளின் ஓரம் மட்டும் கோடு கோடாகத் தெரியும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு நிறைந்துவிடும். அந்த அலமாரியை அப்படியே தைத்தேன்.

ஆறுதல் பரிசு கிடைத்தது. பரிசு என்ன தெரியுமா, ரைஸ் குக்கர். அதைக் கண்ணாடி அலமாரியில் வைக்கப் போனேன். "குக்கர் கப்பு ஆகாது" என்று வீட்டுக்காரர் அடுப்படியைக் காட்டிவிட்டார். சரி, பாயாவது சந்தோஷப்படட்டும் என்று போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெரிதாக்கிப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். கண் கலங்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"எல்லாம் சரிதாம்மா. மூணாவது தட்டுல ஒரு பச்சை இருக்கே, அது நம்ம கடைத் துணி இல்லியே, எங்க வாங்குனீங்க?"

தூங்கவிடாத போர்வை

அடுத்த போட்டிக்கு, எங்கள் ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தைத் தைத்தேன். விடியுமுன்னே வேலைக்குப் போகிற மோட்டார் சைக்கிள்களின் பின்விளக்குகள் பாலம் முழுக்கச் சிவப்பாக நெளியும் அல்லவா, அதைக் கறுப்புத் துணியில் சின்னச் சின்னச் சிவப்புத் துண்டுகளாக வைத்தேன். மூன்றாவது பரிசு. சான்றிதழும் பிஸ்கட் கூடையும் கொடுத்தார்கள். கப்பு இல்லை. வீட்டுக்காரர் பிஸ்கட்டை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, ஹால் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை.

அந்தப் போர்வையை ஒரு பையன், பையன் என்ன, கல்யாணமாகிக் குழந்தை பெற்றவர், கண்காட்சியிலேயே ஆசையாக வாங்கிக்கொண்டு போனார். தினமும் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவராம். "இது என் வாழ்க்கைக்கா" என்று நெகிழ்ந்து போனார். எனக்கும் நெஞ்சு பூரித்துவிட்டது. ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, போர்வையை அழகாக மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். வேறு ஏதாவது மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். தையல் பிரிந்துவிட்டதா என்று நான் பதறினேன்.

"தையல் சூப்பர்க்கா. ஆனா இதைப் போத்திக்கிட்டுப் படுத்தா, அலமாக், ஐயையோ, வேலைக்கு லேட்டுன்னு திடுக்குனு எந்திரிச்சு ஹெல்மெட்டத் தேடுறேன்."

அழகுதான், ஆனால்

ஹால் கிடைக்கும்வரை ஊக்குக் குத்தும் வேலைக்கு எங்கள் தாமான் பொது மண்டபத்தைத்தான் கேட்டு வாங்குவேன். ஒருநாள் தரையில் மூன்று துணியையும் விரித்து, மேலே நெடுக ஊக்குக் குத்திவிட்டு, முதுகு பிடித்துக்கொண்டதால் எதிர்க்கடைக்குத் தேநீர் குடிக்கப் போனேன். அன்றைக்கு மாலை அங்கே மலாய்க்காரர்களின் கெண்டூரி விருந்து இருப்பதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

திரும்பி வந்தால், தொப்பி போட்ட பெரியவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, என் போர்வையின் மேல் வட்டமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். விருந்துக்கு விரித்த புதுப் பாய் என்று நினைத்துவிட்டார்கள். சாப்பாட்டுத் தட்டு வருகிற நேரம். குழம்பு கொட்டினால் என் கதி என்ன? நான் நிற்கிற நிலையைப் பார்த்தே புரிந்துகொண்டு எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அவர்களே நாலு மூலையையும் பிடித்து, மடியாமல் தூக்கி ஓரமாக வைத்துக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் மூத்தவர் வேட்டியைப் போலக் கட்டியிருந்த தன் சாரோங்கின் பின்பக்கத்தைத் தடவி, மாட்டிக்கொண்டிருந்த ஒரு ஊக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். குத்துகிறது என்பதை இவ்வளவு பண்பாக யாராலும் சொல்ல முடியாது:

"சந்தேக், காக். தாப்பி தாஜாம்." அழகாத்தான் இருக்கு அக்கா, ஆனா கூர்மை.

கண்ணுக்கு நீலம்

ராசா என்பது என் வீட்டுக்காரரின் மெர்போக். அலமாரியில் இருக்கும் கப்பில் பாதி அது வாங்கிக் கொடுத்தது. மூன்றாவது போட்டி வந்த வருஷம் அது கூவுவதை நிறுத்திவிட்டது. நோய் ஒன்றுமில்லை, வயசு. அவர் அதைத் திடலுக்குக் கொண்டுபோவதை விட்டுவிட்டார். ஆனால் காலையில் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முன்பு போலவே விசிலடிப்பார். அது தலையைச் சாய்த்துக் கேட்கும். அவ்வளவுதான். இடம் கேட்டுச் சண்டை போடுகிற எனக்கே அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

நான் தைக்கும் சாப்பாட்டு மேசை ஹாலை ஒட்டி, ராசாவின் கூண்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. இத்தனை வருஷம் அதன் உமியைத்தான் பார்த்திருக்கிறேன், அதைப் பார்த்ததில்லை. கழுத்தில் கறுப்பும் வெள்ளையுமாக அவ்வளவு மெல்லிய கோடுகள். நெஞ்சில் லேசான ரோஜா நிறம். பாய் கடையில் கிடைக்காத ஒரு சாம்பல். அதைத்தான் தைப்பது என்று ஆரம்பித்தேன். என்ன தைக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அவரே ஒருநாள் பின்னால் வந்து நின்று பார்த்தார். நேராக உள்ளே போய், பேருந்து ஓட்டியபோது போட்ட பழைய சாம்பல் கால்சட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதேதான், நான் தேடிய சாம்பல்.

அதற்குப் பிறகு தினமும் மேற்பார்வைதான். கோடு நெருக்கம் என்பார், வால் நீளம் என்பார். ஒரு இறக்கையை முழுசாகப் பிரித்துத் தைத்தேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் கத்திரிக்கோலைத் தூக்கியிருப்பேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கல்யாணமான புதுசுக்குப் பிறகு நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டது அந்த நாட்களில்தான். முடிக்கப் போகும்போது ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கண்ணைச் சுத்தி நீலம் வை. அப்பத்தான் அது நம்மளைப் பாக்கும்."

திடல் பழக்கம்

போட்டி நாளன்று மண்டபத்தில் போர்வைகளை உயரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அது போதும், அவருக்குப் பறவைத் திடலே வந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு, தலையை அண்ணாந்து, எட்டத்தில் போய் நின்றுகொண்டார். பக்கத்தில் பேசியவர்களை "ஷ்" என்று அடக்கினார். நான்தான் வெட்கத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நான் ஜெயிக்க வேண்டும் என்று என்னைவிட அவர் தவித்தார். ஜெயித்தால் தன் ஹால் போய்விடும் என்பதே மறந்துவிட்டது போல.

கோலாலம்பூரிலிருந்து வந்த நடுவர் அம்மா கையுறை போட்டுக்கொண்டு, போர்வையின் பின்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்க்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மெல்ல ஒரு விசில். காலையில் ராசாவுக்கு அடிப்பாரே, அதே விசில். பழக்க தோஷம். நடுவர் கையுறையோடு என்னிடம் வந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஹஸ்பண்டைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. நல்லாத்தான் தச்சிருக்கீங்க, அதுக்காகக் கூவவா போகுது?"

எந்தப் பறவை?

முதல் பரிசு. கப்புத்தான், இரண்டு காது வைத்த நிஜக் கப்பு. வீடு வந்து சேரும்வரை அவர் அதை மடியிலிருந்து இறக்கவில்லை. மறுநாள் நான் எழுந்து வருவதற்குள் மற்றக் கூண்டுகளெல்லாம் போர்ச்சுக்குப் போயிருந்தன. கடைசியாக ராசாவின் கூண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். வெளியே காற்றடித்தது. "அது இருக்கட்டுங்க" என்றேன். சட்டென்று திரும்பிப் பழைய கொக்கியிலேயே மாட்டிவிட்டு, முகத்தைக் காட்டாமல் உள்ளே போய்விட்டார். மீந்த சாம்பல் துணியில் அந்தக் கூண்டுக்கு ஒரு உறை தைத்துப் போட்டேன்.

கொஞ்ச நாள் கழித்துப் பொந்தியான் மணியம் அண்ணன் வந்தார். கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் புதுக் கப்பைப் பார்த்துவிட்டார். ராசா கூவுவதில்லை, மற்றவை தேறவில்லை, பின்னே இதை வாங்கியது எந்தப் பறவை என்று குடைந்தார். என் வீட்டுக்காரர் தினை புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அன்னைக்கே சொன்னேனே லா, குயில் போட்டின்னு. அது எங்க வீட்டுக் குயிலு."

இத்தனை பாடுபட்டு ஜெயித்த ஹாலில் வெளிச்சம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டு, நான் இன்னமும் ராசாவுக்கு எதிரே சாப்பாட்டு மேசையில்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன்.