நான் காணாமற்போன மின்னஞ்சல்

சின்ன மாமாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தால் அது எங்கள் வீட்டுக்கும் வந்ததாகவே கணக்கு. எங்களிடம் அப்போது கணினி கிடையாது. அம்மாவின் தம்பியான அவர் மட்டக்களப்புப் பட்டணத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தார். பின்னேரங்களில் நாவற்குடாவில் எங்கள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே அன்றைக்கு வந்த எச்சரிக்கையைச் சொல்லத் தொடங்கிவிடுவார். இன்ன தலைப்பில் ஒரு மெயில் வருமாம், திறந்தால் கணினியில் உள்ளதெல்லாம் அழிந்துபோகுமாம். இன்ன படத்தை அழுத்தினால் உள்ளுக்குள்ளேயே எரியத் தொடங்குமாம். தெரிந்த எல்லாருக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறார்களாம், தான் அனுப்பிவிட்டுத்தான் வருகிறாராம்.

"எங்கட வீட்டில சோத்துப் பானையையும் அலுமாரியையும் தவிர திறக்க என்ன கிடக்கு?" என்று அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைப்பார்.

மாமா கோபிக்கமாட்டார். அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும் என்று வரும் மெயிலையும், அனுப்பினால் பெரிய கம்பனியொன்று காசு தரும் என்று வரும் மெயிலையும் அவர் ஒரே பக்தியோடு அனுப்பினார். கெட்டது நடக்காததற்குத் தான் அனுப்பியது காரணம், காசு வராததற்கு மற்றவர்கள் அனுப்பாதது காரணம் என்று அவரிடம் விளக்கமும் இருந்தது. அப்படிப்பட்டவரின் கையில்தான் நான் காணாமற்போன செய்தி போய்ச் சேர்ந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. சண்டை ஓய்ந்து, சனம் பயமில்லாமல் திருவிழாவுக்கு வரத் தொடங்கியிருந்த காலம். கோயில் தீர்த்தத்துக்குக் கிரானிலிருந்து மாமி, அதாவது அப்பாவின் அக்கா, ஊர்ச் சனத்தோடு உழவு இயந்திரப் பெட்டியில் வந்திருந்தார். வெயில் தாங்காமல் நான் அந்தப் பெட்டியில் ஏறி, பாய்க்கு அடியில் பரப்பியிருந்த வைக்கோலில் படுத்தேன். கண் விழித்தபோது பெட்டி மாமியின் வளவுக்குள் நின்றது. மாமி தலையில் கையை வைத்துக்கொண்டு உழவு இயந்திரக்காரனை ஏசினார். பிறகு எனக்கு எருமைத் தயிரும் சீனியும் வாழைப்பழமும் பிசைந்து தந்தார். வயல் வட்டைக்குள் போனுக்குச் சிக்னல் கிடையாது. அவருடைய மகன் சைக்கிளில் மெயின் ரோட்டுக்குப் போய் அப்பாவை அழைத்திருக்கிறான். என்னைத் தேடுகிற சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை. ஆக, நான் காணாமற்போனதாக எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. தயிர் நன்றாக இருந்தது.

இங்கே கோயில் குளத்தில் ஆட்கள் இறங்கித் தேடியிருக்கிறார்கள். அம்மா படிக்கட்டில் குந்தியிருந்து, மூழ்கி எழும்புகிறவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அதைப் பார்க்கப் பொறுக்காமல் மாமா அலுவலகத்துக்கு ஓடினார். எப்போதோ தனக்கு வந்த, காணாமற்போன ஒரு குழந்தை பற்றிய மெயிலை எடுத்து, பெயரையும் ஊரையும் மாற்றினார். கடுதாசித் தொப்பியோடு நான் கேக் வெட்டுகிற படத்தைச் சேர்த்தார். 'இன்று காலை முதல் காணவில்லை, தயவுசெய்து எல்லாருக்கும் அனுப்புங்கள்' என்று இங்கிலீசில் எழுதி, அம்மாவின் கைப்பேசி எண்ணையும் போட்டு, உலகத்துக்கு அனுப்பிவிட்டார். திகதி போடவில்லை.

பின்னேரம் நான் மச்சானின் சைக்கிளில் வந்து இறங்கினேன். அம்மா அடித்தார், கட்டிப்பிடித்தார், பிறகு மறுபடியும் அடித்தார். மாமா 'கிடைத்துவிட்டான்' என்று இரண்டாவது மெயிலை அனுப்பினார். அதை ஒருவரும் ஒருவருக்கும் அனுப்பவில்லை.

முதல் மெயில் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. திருகோணமலையிலிருந்து அழைத்தார்கள், கொழும்பிலிருந்து அழைத்தார்கள், லண்டனிலிருந்து அழைத்த ஒருவர் அழுதார். எத்தனை மாதமானாலும் அவர்களுக்கெல்லாம் நான் இன்று காலைதான் காணாமற்போயிருந்தேன். அம்மா சலிக்காமல் பதில் சொன்னார். "ஓம், கிடைச்சிட்டான். ஓம், வீட்டிலதான் நிக்கிறான்." சிலர் என் குரலைக் கேட்டால்தான் நம்புவார்கள். காத்தான்குடிக் கடைத்தெருவில் ஒரு புடைவைக் கடைக்காரர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற அம்மாவிடம், "நீங்க ஆரு இந்தப் புள்ளைக்கு?" என்று விசாரித்தார். உண்மை தெரிந்ததும் எனக்கு ஒரு கைக்குட்டை தந்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வகுப்பில் வேறு யாருக்கும் லண்டனிலிருந்து அழைப்பு வந்ததில்லை.

அப்படியிருக்கும்போதுதான் கதிரவெளியிலிருந்து வயதான ஒரு அம்மா பஸ் ஏறி வந்தார். கையில் ஒரு பொட்டலம் கருவாடு. அவருடைய உறவுக்காரப் பெட்டை ஒருத்தி என் மெயிலை எங்கோ பார்த்துச் சொல்லியிருக்கிறாள். வந்தவர் கதிரையில் உட்காரவில்லை. என் நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"கிடைச்ச புள்ள இவன்தானா மகள்?"

அம்மா ஓம் என்றார். அவர் ஒரு பொலித்தீன் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். மீசை அரும்பிய ஒரு அண்ணன், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில். அவருடைய மகன். சண்டைக் காலத்தில் ஒருநாள் வலை வாங்க வாழைச்சேனைக்குப் போனவன் திரும்பி வரவில்லையாம்.

"போகாத அரசாங்கக் கந்தோர் இல்ல, போகாத ஆமிக் காம்ப் இல்ல. எல்லா இடமும் எழுதிக் குடுத்திட்டன் மகள். இந்த மெயில் மட்டும்தான் நான் போடல்ல."

நான் கிடைத்தது மெயிலால் அல்ல, கிரான் மாமி வீட்டில் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என்னைக் கடைக்குச் சோடா வாங்க அனுப்பினார். திரும்பி வந்தபோது, "ஓம் அம்மா, என்ட தம்பிதான் போட்டவன். அதாலதான் கிடைச்சான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு சின்னப் பொய்க்கும் அகப்பைக் காம்பை எடுக்கிற அம்மா அவர்.

அந்த அம்மா படத்தை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார், என்னை இல்லை, படம் வைத்த மேசையை.

அன்று பின்னேரம் மாமா அந்தப் படத்தைக் கையில் எடுக்கவே தயங்கினார். கண்ட கண்ட புளுகையெல்லாம் யோசிக்காமல் அனுப்பிய மனிதர்.

"இதை எப்பிடியக்கா அனுப்புற? ஆர் கொண்டுபோனதெண்டு கேட்டா என்ன எழுதுற? நான் வேலை செய்யிற இடத்துக்கும் பிரச்சினை வரும்…"

"கேக் வெட்டுற படத்தை அனுப்பக்குள்ள உனக்கு ஒரு யோசனையும் வரல்லயே," என்றார் அம்மா.

மாமா தேத்தண்ணியைக் குடிக்காமலே போனார். சில நாட்களுக்குப் பிறகு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். இந்த முறை எதையும் பார்த்து எழுதவில்லையாம், தானே தமிழில் எழுதினாராம். அந்த அம்மாவிடம் போன் இல்லாததால் எங்கள் எண்ணையே போட்டாராம்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் ஏதோ மாறியது. கைப்பேசி அடித்தால் அம்மா அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவார். "அந்தப் பிள்ளை கிடைச்சிட்டா?" என்று மறுபக்கம் கேட்டதும், "எந்தப் பிள்ளை?" என்று அவசரமாகக் கேட்பார். தொப்பி போட்ட சின்னப் பெடியன் என்று அவர்கள் சொன்னதும் அவருடைய குரல் இறங்கிவிடும். "ஓ, அவனா. அவன் கிடைச்சிட்டான்." ஒவ்வொரு முறையும் அவர்கள் கேட்டது என்னைத்தான். அந்த அண்ணனைக் கேட்டு ஒரு அழைப்பும் வரவில்லை. கதிரவெளி அம்மா மாதத்துக்கொரு தரம் யாருடைய போனிலிருந்தாவது அழைப்பார். "போய்க்கொண்டிருக்கு அம்மா, இன்னும் கன பேருக்குப் போகும்," என்று அம்மா சொல்வார். அந்த அழைப்புக்குப் பிறகு அன்றைய சமையலில் உப்போ புளியோ பிழைக்கும்.

எனக்கு அந்த அண்ணன் மேல் எரிச்சல் வந்தது. படத்தில் இருக்கிற ஒருவனுக்காக அம்மா ஓடுகிறார், உயிரோடு நிற்கிற என்னைக் கேட்டால் முகம் வாடுகிறது. ஒருநாள், லண்டன்காரர் யாரோ என்னைக் கேட்டுவிட்டுப் போனை வைத்த பிறகு, பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"நான் கிடைச்சது உங்களுக்கு விருப்பமில்லையா?"

அம்மா ஏசுவார் என்று நினைத்தேன். அவர் என்னை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "நீ கிடைச்சிட்டாய் மனே," என்றார். மற்றக் கையில் கைப்பேசியை விடாமல் பிடித்திருந்தார். அவர் சொன்னதை எனக்கான பதில் என்று எடுத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.