தனகோட்டி அக்கா கொடுத்த நாற்காலி

நேற்றுக் காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தனகோட்டி அக்காவின் கணவர் போன் செய்தார். "ஒங்கக்கா பூட்டாம்மா. மாரடைப்பு" என்றார்.

சாத்தாங்காட்டில் நான் வேலை செய்யும் உதிரிபாகத் தொழிற்சாலையில், பேக்கிங் பிரிவின் சூப்பர்வைசராக இருந்தவர்கள் அக்கா. பெரிய குரல். அவர்கள் வருவது தெரிந்தால் ஆண்கள் பீடியை அணைத்துவிடுவார்கள்.

ஊரெல்லாம் சிக்கன்குனியா பரவிய சமயத்தில் நானும் படுத்தேன். காய்ச்சல் போயிற்று, அசதி போகவில்லை. தலை வாரக் கையைத் தூக்கினாலே மூச்சு வாங்கும். தூங்கி எழுந்தாலும் தூங்காதவள் போலவே இருப்பேன். பரிசோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை. மேலாளர் எல்லோர் முன்னாலும், "நடிக்கறதுன்னா சினிமாவுக்குப் போ" என்றார். சிலர் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. பெட்டி தூக்கும் வேலையிலிருந்து என்னை லேபிள் ஒட்டும் வேலைக்கு மாற்றி, உட்கார நாற்காலி போட்டார்கள். முடியாதபோது அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் சற்றுப் படுக்கச் சொன்னார்கள். மேலாளர் அந்த நாற்காலியை எடுக்கச் செய்தார். உடனே அக்கா தம்முடைய நாற்காலியைத் தூக்கிவந்து எனக்குப் போட்டார்கள்.

"எல்லாரும் நின்னுகிட்டுதானே செய்யறாங்க? இவளுக்கு மட்டும் என்ன?" என்றார் மேலாளர்.

"இவளுக்கு ஒடம்பு முடியல சார். குந்திகினு ஒட்டுனா லேபிள் ஒட்டாதா?"

அந்தக் கேள்விக்காகவே நிர்வாகம் அக்காவின் பதவியைப் பறித்து, வெயிலில் லாரியில் சரக்கு ஏற்றும் இடத்துக்கு அனுப்பியது. போவதற்கு முன் அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்த நாற்காலிய எவனாவது தொட்டா என்னாண்ட சொல்லுங்கடி" என்றார்கள். ஒருவரும் தொடவில்லை. அதனால்தான் நான் இன்றும் வேலையில் இருக்கிறேன். அன்று நான் அழுதேன். "அழாத. அழுதா அதுக்கும் அசந்து பூடுவ" என்றார்கள் அக்கா.

நேற்று திருவொற்றியூரில் அக்கா வீட்டுக்கு அதே மேலாளர் மாலையோடு வந்தார். கூடவே நிறுவனத்தின் பேனர்: 'ஓய்வறியாத உழைப்பாளி'. ஓய்வுக்காகச் சண்டை போட்டவர்களை, அதற்காகவே தண்டித்தவர்கள் புகழும் அழகு இது. இறுதி ஊர்வலம் தொழிற்சாலை வாசலில் சற்று நிற்கட்டும், படம் எடுக்க வேண்டும் என்று வேறு மேலாளர் கேட்டுக்கொண்டார்.

நான் ஆட்டோவில் ஊர்வலத்தின் பின்னால் போனேன். தொழிற்சாலை வாசலில் கேமராவோடு ஒருவர் தயாராக இருந்தார். பக்கத்தில் மேலாளர், கைகட்டி, துக்க முகத்தோடு. அக்காவின் கணவர், அக்காவைக் கிடத்தியிருந்த பூ வண்டியை இழுத்தவரின் தோளைத் தொட்டார்.

"நிறுத்தாத நைனா, போய்கினே இரு. அவ இங்க நின்னது போதும்."

வண்டி நிற்கவில்லை.

சென்று வாருங்கள், அக்கா. நாளைக் காலை நான் வேலைக்குப் போயாக வேண்டும். அந்த மனிதருக்கு இனி வணக்கம் சொல்ல மாட்டேன்.